என் கரண்டைப் படத்தில் மருமகளின் விரல்

ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவரோடு கதைக்காமல் இருப்பதைப் போல உடம்பை முறிக்கிற வேலை வேறொன்றும் இல்லை. கதைத்துக்கொண்டிருந்தால் வாய்க்கு மட்டும்தான் வேலை. கதைக்காமல் இருந்தால் முழு உடம்புக்கும் வேலை. அவள் குசினிக்குள் வந்தால் நான் முற்றத்துக்குப் போகவேண்டும். அவள் முற்றத்துக்கு வந்தால் நான் செபமாலையைக் கையில் எடுக்கவேண்டும். (செபமாலை கையில் இருந்தால் கோபத்தில் இருக்கிறா எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம், பக்தி எண்டுதான் நினைப்பினம்.)

எனக்கும் என் மருமகள் மெறீனாவுக்கும் அப்படியொரு காலம் நடந்தது. காரணம் என் தையல் மெசின். காலால் மிதித்துத் தைக்கிற பழைய மெசின். பள்ளிமுனையில் எங்கள் வீட்டு முன் அறையில், சன்னலுக்குக் கீழே, நல்ல வெளிச்சத்தில் நிற்கிறது. பிள்ளைகளின் சட்டை, பள்ளிக்கூட உடுப்பு, கோவிலில் பிள்ளைகள் முதல்முதல் நன்மை வாங்குகிற புதுநன்மைக்கு வெள்ளைச் சட்டை, எல்லாம் அதில்தான். மெறீனாவுக்கு அந்தச் சன்னலுக்குக் கீழே ஒரு செற்றி, மெத்தை வைத்த நீளக் கதிரை, போடவேண்டும் என்று ஆசை. ஒரு நாள் சொன்னாள்:

"வீட்டுக்கு வாற சனம் முதல் பாக்கிறது மாமியின்ர முதுகைத்தான்."

"என்ர முதுகுக்கு என்ன குறை?" என்று கேட்டேன்.

"குறை ஒண்டுமில்ல மாமி. கூடத்தான்."

அதோடு கதை நின்றது. அது தவக்காலம் தொடங்கிய நேரம். மற்றவர்கள் தவக்காலத்துக்கு இறைச்சியை விடுவார்கள், நாங்கள் ஒருவரையொருவர் விட்டோம். என் மகன் அன்ரன் படகு எஞ்சின் திருத்துகிறவன். வீட்டுக்கு வந்தால் அவனுக்குத் தபால்காரன் வேலை. நான் அவனிடம், குழம்பில் புளி கூடிப்போச்சென்று சொல்லுவேன். அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே, புளி கூடவில்லை, ருசி பார்க்கிற நாக்குக்கு வயது கூடிப்போச்சென்று அவனிடம் சொல்லுவாள். அவன் இரண்டு பக்கமும் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிடுவான். எஞ்சின் என்றால் கழற்றிப் பார்க்கலாம், எங்களை என்ன செய்வது?

இந்த நேரம் பார்த்து என் வலது கால் கரண்டை எனக்கு எதிராகத் திரும்பியது. பாதத்தையும் காலையும் கொளுவி வைத்திருக்கிற மூட்டைத்தான் நாங்கள் கரண்டை என்போம். மெசின் மிதித்து எழும்பினால் அது பேக்கரிப் பணிஸ் மாதிரி வீங்கி நிற்கும். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. எண்ணெய் பூசினேன், துணி சுற்றினேன், சேலையை இறக்கிக் கட்டினேன். சுவரைப் பிடித்துப் பிடித்து நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தேன். நோகிறது என்று சொன்னால் மெறீனா அடுத்த நாளே செற்றியைக் கொண்டுவந்து இறக்கிவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

அகப்பட்டது கோவிலில். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முழங்காலில் இருந்தேன். எல்லோரும் எழும்பினார்கள். நான் எழும்பவில்லை. எழும்ப முடியவில்லை. கரண்டை பிடித்துக்கொண்டது. சனம் உட்கார்ந்தது, திரும்ப எழும்பியது, நன்மை வாங்கப் போய்வந்தது, நான் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு முழங்காலிலேயே இருந்தேன். பூசை முடிந்து சுவாமி என்னைத் தேடி வந்து, இந்தக் காலத்தில் இப்படி ஒரு பக்தியைக் காண்பது அரிது என்றார். நான் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டேன். (வேற என்ன செய்யிறது, தூக்கி விடுங்கோ சுவாமி எண்டு கேக்கவோ?)

பின்வரிசை வாங்கிலில் இருந்து மெறீனா எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். பின்னேரம் எனக்குக் கேட்கத்தக்கதாக அன்ரனிடம் சொன்னாள், "உங்கட அம்மாவுக்கு வந்தது பக்தி இல்லை. கால் ஏலாது. எல்லாம் அந்த மெசினாலதான்."

அன்ரன் என்னை மன்னாரில் டொக்டரிடம் கொண்டுபோனான். டொக்டர் கரண்டையை அங்கே இங்கே அமத்தி, நோகிறதா என்று கேட்டார். கண்ணால் தண்ணீர் ஓட ஓட, இல்லை என்று சொன்னேன். அவர் என் வாயை விட்டுவிட்டுக் கண்ணை நம்பினார். எக்ஸ்றே எடுக்க அனுப்பினார். படுத்தபடி இல்லை, நின்றபடி. உடம்பின் பாரம் காலில் இறங்கினால்தான் மூட்டுக்குள் இடைவெளி எவ்வளவு இருக்கிறதென்று தெரியுமாம். நானும் கலியாணப் படத்துக்கு நிற்கிற மாதிரிச் சேலையைச் சரிசெய்து, சிரித்துக்கொண்டு நின்றேன். படத்தில் கால்தான் விழும், முகம் விழாது என்று அங்கே நின்ற பிள்ளை சொன்னாள்.

டொக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து விளங்கப்படுத்தினார்.

"எலும்பு வடிவாத் தெரியுது அம்மா. இடைவெளி கொஞ்சம் ஒடுங்கின மாதிரியும் இருக்குது. ஆனா எலும்புக்கு நடுவில இருக்கிற குருத்து இதில தெரியாது. அது எவ்வளவு மொத்தமா, தடிப்பா மிச்சம் இருக்குதெண்டு பாக்க எம்.ஆர்.ஐ. படம்தான் எடுக்கவேணும்."

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனாலும் இது எனக்கு உடனே விளங்கியது. சட்டைக் கொலருக்கு மேல்துணி, கீழ்துணி, நடுவில் கன்வஸ். எக்ஸ்றேயில் துணி இரண்டும் தெரிகிறது, கன்வஸ் தெரியவில்லை. கன்வஸ் தேய்ந்துபோனால் கொலர் நிற்காது. டொக்டரிடம் அப்படியே சொன்னேன். அவர் தன் சட்டைக் கொலரைத் தடவிப் பார்த்துவிட்டு, ஓம், கிட்டத்தட்ட அதுதான் என்றார். குருத்து முழுக்கத் தேய்ந்திருந்தால் மெசினை மறக்கவேண்டும், சிலவேளை ஒப்பரேசன் செய்து மூட்டை அசையாமல் பூட்டவேண்டியும் வரும். மிச்சம் இருந்தால் காலுக்கு ஓய்வு கொடுத்துப் பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்து அன்ரன் தீர்ப்புச் சொன்னான். இரண்டு பேரையும் முன் அறையில் இருத்திவைத்து, எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த மெசினைப் பார்த்துத்தான் சொன்னான். "இனி நீங்கள் ரெண்டு பேரும் ஒண்டும் சொல்லத் தேவையில்ல. படம் சொல்லட்டும். குருத்து முடிஞ்சுதெண்டா மெசின் கன்னியர்மடத்துச் சிஸ்டர்மாரின்ர தையல் வகுப்புக்குப் போகும். குருத்து இருக்குதெண்டா மெசினைப் பற்றி இந்த வீட்டில ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது."

நான் சரி என்றேன். மெறீனாவும் சரி என்றாள். மெசின் மேல் புதுநன்மைச் சட்டைகள் வெட்டினபடி மடித்துக் கிடந்தன. தாய்மார் வந்து அளவு கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். சட்டைகள் ஒருபக்கம் இருக்கட்டும். மெசின் போனாலும் எனக்கு அந்த வீட்டில் இருக்க ஒரு கதிரை இருக்கும், சோறு இருக்கும், பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். காலையில் எழும்பினால் செய்ய ஒன்றும் இருக்காது. எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. யாரும் பழக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஓரிடத்தில் படம் எடுக்க நாள் கிடைத்தது. அன்ரன் தெரிந்தவரின் வான் ஒன்றை இரவல் வாங்கித் தானே ஓட்டினான். பாலம் தாண்டி, பூநகரி றோட்டால் போனோம். நான் முன் சீற்றில், மெறீனா பின் சீற்றில். வழியில் அவள் தோடம்பழம் உரித்து, ஒரு பாதியை அன்ரனின் தோளுக்கு மேலால் நீட்டி, அவவுக்கும் குடுங்கோ என்றாள். நான் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, புளிக்குது என்று சொல்லு என்றேன். (புளிக்கேல்ல. நல்ல தோடம்பழம்.)

அங்கே படம் எடுக்கிற தம்பி நல்ல பணிவான பிள்ளை. அந்த மெசின் பெரிய காந்தமாம். இரும்புச் சாமான் உள்ளே போனால் இழுத்துப்போடும். அதனால் கேள்வி கேட்டான்.

"உடம்புக்குள்ள எங்கயாவது இரும்பு இருக்குதோ அம்மா?"

"இல்லைத் தம்பி, என்ர மருமகளைக் கேட்டா மனசுக்குள்ள இருக்குதெண்டு சொல்லுவா."

அன்ரன்தான் கையை உயர்த்தினான். அவனுடைய தோளுக்குள் சண்டைக்காலத்து ஷெல் துண்டு ஒன்று இருக்கிறது. எடுப்பதை விட விடுவது நல்லதென்று டொக்டர்மார் அப்போதே விட்டுவிட்டார்கள். அதுவும் இவ்வளவு காலமும் வாடகை தராமல் இருக்கிறது. தம்பி உடனே அவனைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டான். என்ன நடந்தாலும் உள்ளே வரக்கூடாது.

பிறகு என்னைச் சோதித்தான். சட்டைக் கழுத்தில் நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியிருந்தது. கழற்றிக் கொடுத்தேன். அவ்வளவுதானே என்றான். கொண்டைக்குள் இரண்டு ஊசி இருந்ததும் அப்போதுதான் நினைவு வந்தது. சேலை மடிப்பில் சட்டை ஊசி. உள்பாவாடையில் அந்தோனியார் சுருவப்பதக்கம், அதைக் குத்திவைத்த இன்னொரு சட்டை ஊசி. தம்பி ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தான். தட்டு நிறைய நிறைய அவன் முகத்தில் பயம் தெரிந்தது. காதுத் தோடு கழலவில்லை, கலியாணத்துக்குப் போட்டது. மெறீனா ஒரு சொல்லும் பேசாமல் சவர்க்காரம் போட்டுக் கழற்றினாள். என் காதை இவ்வளவு கிட்டத்தில் வைத்துக்கொண்டும் ஒன்றும் சொல்லாமல் விட்டாளே என்று உள்ளுக்குள் மெச்சினேன்.

உடுக்க ஒரு சட்டை தந்தார்கள். முதுகுப் பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது. தைத்தவருக்கு இடையில் அவசர வேலை வந்திருக்கவேண்டும். மெறீனா வாயைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பினாள். அவளுடைய செற்றிக் கதையில் வந்த முதுகை யாழ்ப்பாணமும் பார்த்தது.

கரண்டைப் படம் என்றபடியால் காலைத்தான் அந்தக் குகைக்குள் விடுவார்கள், தலை வெளியே இருக்கும். பாதத்துக்கு பிளாஸ்ரிக் சப்பாத்து மாதிரி ஒன்றைப் போட்டான். சத்தம் கூட என்று காதுக்கும் பெரிய மூடி போட்டான். ஆடாமல் அசையாமல் கிடக்கவேண்டும், ஆடினால் படம் கலங்கிவிடும் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் போய்விட்டான்.

சத்தம் தொடங்கியது. முதலில் டக், டக் என்று மெல்ல. பிறகு கடகடகட என்று ஒரே சீராக. எனக்குப் பயம் வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. நல்ல பழக்கமான சத்தம். மொத்தத் துணிக்கு மடிப்புத் தைக்கிறபோது என் மெசின் போடுகிற சத்தம் அச்சாக அதுதான். மனம் தன்பாட்டில் வீட்டுக்குப் போய்விட்டது. புதுநன்மைச் சட்டைக்குக் கழுத்தில் லேஸ் வைப்பதா, கையில் மட்டும் வைப்பதா என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

காதுக்குள் தம்பியின் குரல் வந்தது. "அம்மா, காலை ஆட்டாதேங்கோ."

"நான் ஆட்டேல்லைத் தம்பி."

திரும்பத் தொடங்கினான். திரும்ப நிறுத்தினான். நான் ஆட்டவேயில்லை என்று மாதா மேல் ஆணையிட்டேன். அவன் உள்ளே வந்து, படம் அலை அடிக்கிற தண்ணிக்குள் பார்த்த மாதிரி இருக்கிறது என்றான். காலைச் சுற்றிப் பஞ்சு வைத்தான். வாரால் கட்டினான். மேலே மண்மூட்டை மாதிரி ஒன்றை வைத்தான். சத்தம் தொடங்கியது. வலது காலுக்கு வழியில்லாமல் போக, இடது கால் தொடங்கியிருக்கிறது. இடது காலையும் கட்டினான். இடுப்புத் தொடங்கியது.

கடைசியில் அந்தப் பிள்ளை என் காது மூடியை எடுத்துவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்து அன்ரனோடு கதைத்தான். இன்னொரு முறை எடுத்துப் பார்க்கலாம், அதுவும் சரிவராவிட்டால் மயக்கம் கொடுத்து எடுக்கிற இடத்துக்குத்தான் போகவேண்டும், அதற்கு வேறு நாள் எடுக்கவேண்டும். வெளியே வேறு ஆட்களும் காத்திருக்கிறார்கள். அன்ரனின் முகம் எனக்குத் தெரியவில்லை, குரல் தெரிந்தது.

"விடுங்கோ தம்பி. சொன்ன சொல்லுக் கேளாத காலுக்குப் படமும் வேண்டாம், மெசினும் வேண்டாம். நாளைக்கே சிஸ்டர்மாருக்குச் சொல்லிவிடுறன்."

நான் முதுகு திறந்த சட்டையோடு, இரண்டு காலும் கட்டப்பட்டு, வழக்குப் பேசவும் எழும்ப முடியாமல் கிடந்தேன். புதுநன்மைச் சட்டைகளை வெட்டினபடியே அந்தத் தாய்மாரிடம் திருப்பிக் கொடுக்கிற காட்சிதான் கண்ணுக்குள் வந்தது. மெறீனா கதவோரம் நின்றாள். அவள் செய்யவேண்டியது ஒன்றுமில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், மெசின் போகும், செற்றி வரும். வாயை மூடிக்கொண்டு இருப்பதில் தவக்காலம் முழுக்க எடுத்த பயிற்சியும் இருந்தது.

அவள்தான் வாயைத் திறந்தாள். "அவ ஆட்டுறேல்லைத் தம்பி. தைக்கிறா."

தம்பிக்கு விளங்கவில்லை.

"மாமி தையல்காரி. உங்கட மெசின் சத்தம் கேட்டா அவவின்ர கால் தன்பாட்டில மிதிக்குது. அவவுக்கே தெரியாது. மத்தியானம் படுத்திருக்கேக்க பக்கத்து வீட்டில மா அரைச்சாலும் இப்பிடித்தான், அந்தக் காலுக்கு நித்திரை இல்லை. சத்தம் மாறேக்க மிதியும் மாறுது, நான் கண்ணாடியால பாத்துக்கொண்டுதான் நிண்டனான். முதல் மடிப்புத் தைச்சவ, பிறகு லேஸ் வைச்சவ. நான் உள்ளுக்கு நிண்டு பிடிக்கிறன்."

என் மெசினுக்கும் அவளுடைய படுக்கைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். இவ்வளவு காலமும் அந்தச் சத்தத்தைத் திட்டிக்கொண்டு படுத்திருந்தாள் என்று நினைத்தேன். லேஸ் வைக்கிற சத்தம் எது என்று தெரிகிற அளவுக்குக் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள்.

உள்ளே நிற்கவேண்டுமென்றால் அவளும் எல்லாம் கழற்றவேண்டும். காப்பு, கிளிப், மோதிரம் எல்லாம் கழற்றினாள். தாலிக்கொடியில் கை வந்ததும் நின்றாள். கட்டின நாளில் இருந்து கழற்றாதது. அன்ரனைப் பார்த்தாள். பிறகு சிலுவை அடையாளம் போட்டுவிட்டுக் கழற்றி, அவன் கழுத்திலேயே போட்டுவிட்டாள். கீழே வைத்தால் தொலையும், பொக்கற்றில் வைத்தால் அறும் என்று சொன்னாளாம். என் மகன் மனைவியின் தாலியைக் கட்டிக்கொண்டு, தாயின் தோட்டைக் கையில் பொத்திக்கொண்டு, அந்த அறை வாசலில் நின்றான்.

இனித்தான் என் மானம் போன கதை.

சத்தம் தொடங்கியது. மெறீனா குனிந்து, பிளாஸ்ரிக் சப்பாத்துக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு கையாலும் என் காலை இறுக்கிப் பிடித்தாள். நான் படுத்தபடி, வயிற்றுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். என்ன தெரியும்? தலையைக் குனிந்து, கண்ணைத் தாழ்த்தி, மருமகள் மாமியின் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எங்கள் ஊரில் ஒருவர் இன்னொருவரின் காலைப் பிடித்தால் அதற்கு ஒரே கருத்துத்தான். அவளுடைய வாயும் அசைகிறது. திரும்பப் போட்ட காது மூடியால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை, மன்னிப்புக் கேட்கிறவர்கள் என்ன சொல்லுவார்கள் என்று எனக்குத் தெரியாதா?

எனக்கு மனம் இளகிவிட்டது. சத்தம் கூட என்றபடியால் நானும் கொஞ்சம் பலமாகத்தான் சொன்னேன்.

"சரி பிள்ளை, போதும். நான் மன்னிச்சிட்டன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். திரும்ப வாய் அசைந்தது, இந்தமுறை வேகமாக. பாவம், அழுகிறாள் என்று நினைத்தேன்.

"அழாத பிள்ளை. என்ர முதுகைப் பற்றிச் சொன்னதை மன்னிச்சிட்டன். என்ர துணி வெட்டுற கத்திரிக்கோலால மீன் செட்டை வெட்டினதையும் மன்னிச்சிட்டன். கலியாண வீட்டில உன்ர கொம்மா என்னை ரெண்டாம் பந்தியில இருத்தினவ. அதை மறக்கமாட்டன் எண்டுதான் இருந்தனான். அதையும் மன்னிச்சிட்டன்."

எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. உள்ளே கிடக்கிற ஆள் கதைப்பது கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற தம்பிக்குக் கேட்க ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். அன்ரன் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றபடியால் அந்த அறையின் கதவு திறந்து கிடந்தது. அந்தக் கதவுக்கு வெளியேதான் சனம் வரிசையாகக் கதிரைகளில் இருந்தது. முழங்கால், நாரி, கழுத்து என்று எல்லா நோவும் அங்கே இருந்தன. அன்ரன் பிறகு சொல்லித்தான் தெரியும், கத்திரிக்கோலுக்குச் சனம் சிரித்ததாம். இரண்டாம் பந்தி வந்ததும் சிரிப்பு நின்று, ஒரு மனுசி எழும்பி, அது பிழைதானே, சம்பந்தி எண்டா முதல் பந்தியெல்லோ என்று கேட்டதாம். அங்கே இரண்டு கட்சி பிரிந்து கதை நடந்திருக்கிறது.

காதுக்குள் தம்பியின் குரல் வந்தது. "அம்மா, மன்னிக்கிறதெண்டா வாயை ஆட்டாமல் மன்னியுங்கோ. நீங்கள் மன்னிக்க மன்னிக்கப் படம் ஆடுது."

நான் வாயை மூடினேன். சத்தம் தன்பாட்டில் மடிப்புத் தைத்தது, லேஸ் வைத்தது, பொத்தான் துவாரம் போட்டது. மெறீனா கை எடுக்கவில்லை. என் கால் உள்ளுக்குள் துள்ளத் துள்ள அவள் பிடி இறுகியது. படங்கள் எல்லாம் முடிந்து தம்பி வந்து காது மூடியைக் கழற்றினான். மெறீனா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். முகம் சிவந்திருந்தது. தவக்காலம் தொடங்கின பிறகு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்து நேராகக் கதைத்தாள்.

"மாமி, நான் மன்னிப்புக் கேக்கேல்ல. உங்கட காலைத்தான் பிடிச்சனான்."

"அப்ப வாயை அசைச்சு அசைச்சு என்னத்தைச் சொன்னனீ?"

"ஆடாத, ஆடாத எண்டு சொன்னனான். உங்களுக்கில்ல, காலுக்கு. நீங்கள் அம்மாவைப் பற்றிக் கதைக்கேக்க ஒரு நுள்ளு நுள்ளத்தான் நினைச்சனான். கையை எடுத்தா நீங்கள் தைக்கத் தொடங்கிடுவீங்கள் எண்டு விட்டிட்டன்."

உடுப்பு மாற்றிக்கொண்டு வெளியே வந்தோம். வரிசையில் இருந்த சனம் முழுக்க எங்களைப் பார்த்தது. என் வயது ஐயா ஒருவர், முழங்காலில் கட்டுப் போட்டவர், எழும்பித் தன் கதிரையை எனக்குக் காட்டினார்.

"இருங்கோ அம்மா. முதல் பந்தி."

நான் போய் இருந்தேன். வேறு வழி? பக்கத்தில் என் மகன் தாலியோடு நின்றான். மெறீனா அதைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். திரும்பி வரும்போது சங்குப்பிட்டிப் பாலத்தில் வைத்து அவள் முதலில் சிரித்தாள். அதற்குப் பிறகு நான். அன்ரன் வானை ஓரங்கட்டி நிற்பாட்டவேண்டி வந்தது, அவனுக்குச் சிரிப்பில் றோட்டுத் தெரியவில்லை.

படத்தைக் கொண்டுபோய் மன்னாரில் டொக்டரிடம் கொடுத்தோம். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், ஓரிடத்தில் நின்றார். கண்ணாடியைத் துடைத்தார். கிட்டக் கொண்டுபோனார். கரண்டைக்கு மேலே, படத்தின் ஓரத்தில், மொச்சைக்கொட்டை மாதிரி நாலு வட்டம் வரிசையாக இருந்தன. இது என்ன, இப்படி ஒன்றை நான் காணவில்லையே என்றார். குருத்துப் போய்விட்டது, இனி மெசின் இல்லை என்று முடிவே கட்டிவிட்டேன்.

மெறீனா மெல்லச் சொன்னாள், "டொக்டர், அது என்ர விரல்."

டொக்டர் கதையைக் கேட்டு முடித்து, அந்த நாலு மொச்சைக்கொட்டையையும் விரலால் மூடிக்கொண்டு மிச்சத்தைப் பார்த்தார்.

"குருத்து உள்பக்க ஓரத்தில மெலிஞ்சிருக்குது. மற்ற இடமெல்லாம் மொத்தமாத்தான் இருக்குது. எலும்புக்குள்ள கொஞ்சம் வீக்கம், அதாலதான் இவ்வளவு நோ. ஒப்பரேசன் தேவையில்ல. ஆனா கொஞ்சக் காலத்துக்கு இந்தக் கால் மெசின் மிதிக்கக்கூடாது."

அன்ரனின் சட்டத்தில் இப்படி ஒரு தீர்ப்புக்கு இடம் இல்லை. குருத்து இருக்கிறது, நான் வென்றேன். மிதிக்கக்கூடாது, அவள் வென்றாள். வீட்டுக்கு வந்து மூன்று பேரும் மெசினைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். இடது காலால் மிதித்துப் பார்த்தேன். மெசின் பின்னுக்குச் சுற்றி நூலை முறித்தது. அந்தக் காலுக்கு ஆட்டத்தான் தெரியும், தைக்கத் தெரியாது.

மெறீனா குசினியில் இருந்து ஒரு ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டு இருந்தாள். தன் வலது காலை மெசினுக்குக் கீழே நீட்டி மிதியில் வைத்தாள். "துணியைப் பிடியுங்கோ," என்றாள்.

அந்தமுறை புதுநன்மைச் சட்டைகள் எல்லாம் என் கையும் அவள் காலும் தைத்தவை. தொடக்கத்தில் தையல் பாம்பு மாதிரி ஓடியது. நான் நில் என்றால் அவள் போவாள், போ என்றால் நிற்பாள். போகப் போகச் சரிவந்தது. ஆனால் எனக்கு ஒரு நட்டம். தைக்கிற நேரம் அவளுடைய சமையலைப் பற்றி ஏதும் சொன்னேனோ, காலை எடுத்துவிடுவாள். மெசின் நின்றுவிடும். நான் அந்தக் குழம்பு நல்ல குழம்பென்று சொன்ன பிறகுதான் திரும்ப மிதிப்பாள். சம்பல் கூட இடிக்கத் தெரியாமல் பள்ளிமுனைக்கு வந்தவளை, அந்தச் சட்டைகள் முடிகிறதுக்குள் ஊரிலேயே நல்ல சமையல்காரி என்று நூறு தரம் சொல்லிவிட்டேன். செற்றியும் வந்தது, எதிர்ச் சுவரோடு. அதில் இருப்பவர்களுக்கு இப்போது இரண்டு முதுகு தெரியும்.

ஊருக்குள் கதை எங்களுக்கு முன்னமே வந்துவிட்டது. அந்த வரிசையில் மன்னார் ஆள் ஒருவரும் இருந்திருக்கிறார். மெறீனா மாமியின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டாள் என்று சந்தையில் கதை. அவள் அதைப் பொறுக்கமாட்டாமல், கேட்கிறவர்களுக்கெல்லாம் படத்தை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பாருங்கோ, பிடிச்சதுதான், விழேல்ல என்று காட்டுவாள். அப்படிக் காட்டிக் காட்டி என் கரண்டையின் உள்பக்கம் முழுப் பள்ளிமுனைக்கும் பாடம்.

கால் இப்போது நல்ல சுகம். நானே மிதிக்கிறேன், அவசர வேலைக்கு மட்டும் அவள் ஸ்டூலோடு வருவாள். எங்களுக்குள் சண்டை வராமல் இல்லை. வரும். ஆனால் கதைக்காமல் இருக்க அவள் விடுவதில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு செபமாலையைத் தேடினால், செற்றியில் சாய்ந்து இருந்து தன் காலை என் பக்கம் நீட்டுவாள்.

"மாமி, போனமுறை நான் பிடிச்சனான். இந்தமுறை உங்கட முறை. பிடியுங்கோ."

அன்ரன் எங்கே நின்றாலும் அந்த நேரத்துக்கு வந்துவிடுவான். "அம்மா, பலமாச் சொல்லுங்கோ, அங்கால ஆக்களுக்கும் கேக்கட்டும்."

பிடிக்கக்கூடாது என்று எனக்கொன்றும் இல்லை. குனிய ஏலாது, கரண்டையை மடிக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார் என்று சொல்லுவேன். அவர் எப்போது சொன்னார் என்று இரண்டு பேரும் கேட்பார்கள். அவர் வாயால் சொல்லவில்லை. படத்தில் இருக்கிறது, பார்க்கத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.